கோடும் செல்லாது, புள்ளியும் செல்லாது

போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. பிரிச்சுப் படிக்கிறதுக்குள்ள என் கை தானா பேனாவைத் தேடிடுச்சு. 'மணமக்களை வாழ்த்தி சிறப்பிக்க'ன்னு அடிச்சிருந்தாங்க. வரிக்கு நடுவுல ஒரு கொக்கி போட்டு, ஓரத்துல 'ச்'சுன்னு எழுதினப்புறம்தான் என்ன பண்றேன்னே உறைச்சுது. இது பெரியப்பா கிட்டேர்ந்து ஒட்டிக்கிட்ட வியாதி. ராயப்பேட்டைல ஒரு அச்சகத்துல முப்பத்துநாலு வருஷம் புரூஃப் பார்த்தவர் அவர். ரிட்டயர் ஆனப்புறமும் கை நிக்கல. தினசரி காலண்டர், கோவில் கும்பாபிஷேக நோட்டீஸ், மளிகைக் கடை பில்லு, எது கையில கிடைச்சாலும் திருத்துவார். பஸ்ஸுல போனா முன்சீட்டு முதுகுல எழுதியிருக்கறதப் பார்த்து வாய்க்குள்ளயே திருத்திக்கிட்டு வருவார். பெரியம்மா அவருக்குப் போட்ட லெட்டரைக்கூட சிவப்பு மையில திருத்தி பத்திரமா வச்சிருந்தாருன்னு ஒரு கதை எங்க வீட்ல உண்டு, பெரியம்மா அதை மறுத்ததே இல்ல.

அப்படிப்பட்ட மனுஷன் தன்னோட உயிலையும் விட்டு வைக்கல. அதைப் பத்தித்தான் எழுதணும்னு எட்டு ஒன்பது வருஷமா நெனச்சு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்திருக்கேன். யாராச்சும் ஒரு சாவு வீட்டுல, "கைப்பட எழுதி வச்சிருக்காரே, அப்புறம் என்ன"ன்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ ஒண்ணு பெரட்டும். பேச வாயெடுத்துட்டு காபியைக் குடிச்சிட்டு எழுந்து வந்துடுவேன்.

பெரியப்பா 2016 ஏப்ரல்ல போனார். புரசைவாக்கத்துல கங்காதீஸ்வரர் கோவில் பக்கம் ஒரு சந்துல வீடு, கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். பதிமூணாம் நாள் காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க கிளம்பினப்புறம் அவரோட மூத்த பையன், எங்க பெரியண்ணன், பீரோவைத் தொறந்தார். லாக்கருக்குள்ள ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள ரேஷன் கார்டு, எல்ஐசி பேப்பர், பெரியம்மாவோட டெத் சர்டிபிகேட், அடியில மூணு பக்கத்துக்கு உயில். 2003ல ஹைகோர்ட் பக்கம் யாரோ ஒரு ஜாப் டைப்பிஸ்ட் கிட்ட உக்காந்து தமிழ் டைப்ரைட்டர்ல அடிச்சது. பதிவு பண்ணல. ஒவ்வொரு பக்கத்துலயும் பெரியப்பா கையெழுத்து, கடைசிப் பக்கத்துல சாட்சிகள் ரெண்டு பேர், ரெண்டு பேருமே அச்சகத்து ஆளுங்க. ஒருத்தர் ஃபோர்மன், ஒருத்தர் பைண்டர்.

அடிச்சிருந்த விஷயம் ரொம்ப சிம்பிள். கீழ்ப்போர்ஷன் பெரியண்ணனுக்கு. மாடி சின்னண்ணனுக்கு. பேங்க்ல இருக்கற ரெண்டு லட்ச ரூபா டெபாசிட் அக்காவுக்கு. நாலு பவுன் மைனர் செயின் இன்னாருக்கு. அந்த இன்னார் யாருன்னு தெரியல, ஏன்னா அந்த எடத்துல ஒயிட்னர் பூசியிருந்தது.

ஏழு திருத்தம்

நான் எண்ணினேன். மூணு பக்கத்துல மொத்தம் ஏழு எடத்துல நீல பால்பாயிண்ட்ல கை வச்சிருந்தார். அதுல நாலு ஒற்றுப்பிழை. 'வீட்டை சேர்ந்த'வுக்கு நடுவுல கொக்கி போட்டு ஓரத்துல 'ச்', அப்படி. அஞ்சாவது, ஒரு எடத்துல தேவையில்லாத கமாவை அடிச்சு, பன்னிவால் மாதிரி சுழிச்சு விட்டிருந்தார், அது டிலீட் மார்க். ஆறாவது ஒயிட்னர். ஏழாவதுதான் விஷயமே. மாடி வர்ற பாராவுல சின்னண்ணன் பேரு மேல ஒரே ஒரு கோடு, ஸ்கேல் வச்ச மாதிரி நேரா. கீழே கொக்கி. ஓரத்துல அவரோட அச்சு மாதிரியான கையெழுத்துல 'என் மகள், கணவரை இழந்து என்னுடன் வசிப்பவள்'னு எழுதி அக்கா பேரு. அதுக்குக் கீழே சுருக்கொப்பம். தேதி இல்ல.

இதைப் படிச்சதும் அக்கா சுவத்துல சாஞ்சு அழ ஆரம்பிச்சிட்டா. அழுகை மாடிக்காக இல்லன்னு எனக்குத் தெரியும். 2010ல அத்தான் போனப்புறம் பையனைக் கூட்டிக்கிட்டு அப்பா வீட்டுக்கு வந்தவ. பெரியம்மா படுத்த படுக்கையா கிடந்த ரெண்டு வருஷமும் டயப்பர் மாத்தினது அவ, 2012ல பெரியம்மா போனப்புறம் பெரியப்பாவுக்கு இன்சுலின் போட்டது அவ. அவளுக்குன்னு எழுதியிருந்த டெபாசிட் பெரியம்மா ஆஸ்பத்திரி செலவுலயே காலி. செத்தவர் கணக்குல இல்லாத டெபாசிட்டை உயில்ல எழுதி என்ன புண்ணியம், அது அப்படியே ஆவியாப் போச்சு. சின்னண்ணன் கோயமுத்தூர்ல இருந்தான். பணத்தகராறு ஒண்ணுல அப்பாவோட பேசாம இருந்து, பெரியம்மா கடைசி நாட்கள்ல எட்டிக்கூடப் பார்க்கல. ஆகவே அந்தக் கோட்டைப் பார்த்து எங்க யாருக்கும் ஆச்சரியமே இல்ல. அவனுக்கே இல்லன்னுதான் நெனச்சேன், தலையைக் குனிஞ்சுகிட்டு உக்காந்திருந்தான்.

அன்னிக்கு ராத்திரியே வாட்ஸப் குரூப்ல சட்ட மாநாடு ஆரம்பிச்சிடுச்சு. கலிபோர்னியால இருக்கற சித்தப்பா பையன், "இங்க சாட்சியே வேண்டாம், சொந்தக் கையால எழுதி கையெழுத்துப் போட்டா உயில் செல்லும்"னு பெருசா எழுதினான். அது அந்த ஊர்ல உண்மைதான். கூடவே கனடாவுல 1948ல ஒரு விவசாயி டிராக்டருக்கு அடியில மாட்டிக்கிட்டு, சாகறதுக்கு முன்னாடி எல்லாம் என் மனைவிக்குன்னு மட்கார்டுல கத்தியால கீறி வச்சது கோர்ட்ல செல்லுபடியான கதையையும் அனுப்பினான். அந்த மட்கார்டை சஸ்காட்சுவன் யூனிவர்சிட்டில இன்னும் வச்சிருக்காங்களாம். டிராக்டர் மட்கார்டே செல்லும்னா எங்க பெரியப்பாவோட முத்து முத்தான கையெழுத்து செல்லாதான்னு எல்லாரும் ஹார்ட் போட்டாங்க. நானும் போட்டேன்.

தம்புச்செட்டித் தெரு

சென்னை நகரத்துக்குள்ள வீடு இருந்து உயில் மூலமா வந்தா ஹைகோர்ட்ல புரோபேட், அதாவது இந்த உயில் உண்மைதான்னு கோர்ட்டு குடுக்கற சான்று, வாங்கணும்ங்கறதுதான் அப்போ சட்டம். பெரியண்ணன்தான் எக்ஸிக்யூட்டர், உயிலை நிறைவேத்தற பொறுப்பு அவருக்கு. அக்காவுக்குத் துணையா நானும் போனேன். தம்புச்செட்டித் தெருவுல ஒரு பழைய கட்டிடத்து ரெண்டாவது மாடி, கீழே ஜெராக்ஸ் கடையும் ஸ்டாம்ப் வெண்டரும், படியேறினா சாமி படத்துக்கு ஏத்தின ஊதுபத்தி வாசனையும் பழைய கட்டு வாசனையும் கலந்து வரும். வக்கீல் மேடத்துக்கு அறுபது வயசிருக்கும். உயிலை வாங்கி மேஜைல விரிச்சு, படிக்கறதுக்கு முன்னாடியே கேட்ட முதல் கேள்வி, "இது எப்ப எழுதினார்?"

யார் எழுதினாங்கன்னு அவங்க கேட்கவே இல்ல. கையெழுத்து அவரோடதுதான்னு நிரூபிக்க நாங்க பழைய டைரியெல்லாம் தூக்கிட்டுப் போயிருந்தோம், அதைத் தொடக்கூட இல்ல. 2003ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே இந்தத் திருத்தம் இருந்திருந்தா அது உயில்ல சேர்ந்ததும்மா, அப்புறமா பண்ணியிருந்தா வேற கதை, பக்கத்துல சாட்சி கையெழுத்து இல்லாத திருத்தத்தைப் பார்த்தா கோர்ட்டு அப்புறம் பண்ணினதுன்னுதான் எடுத்துக்கும், இல்லன்னு சொல்றவங்கதான் காட்டணும்னாங்க. காட்டறதுக்கு எங்களுக்கு வழியே இல்ல. 'கணவரை இழந்து'ன்னு அவரே எழுதியிருக்கார். அத்தான் செத்தது 2010. பெரியப்பா வார்த்தையை அளந்து எழுதறவர், அந்த அளவே காலை வாரிடுச்சு.

அப்புறம் பீரோவுலேர்ந்து தடியா ஒரு புஸ்தகத்தை எடுத்து, 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், 71ஆம் பிரிவைத் தொறந்து எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. நான் புரிஞ்சுக்கிட்டதை என் பாஷைல சொல்றேன். உயிலை எழுதி முடிச்சு கையெழுத்தாகி சாட்சியும் போட்டாச்சுன்னா, அதுக்கப்புறம் அதுல பண்ற அடித்தல், இடைச்செருகல், மாத்தல் எதுக்கும் மதிப்பில்ல. உயிலை எப்படி நிறைவேத்தினாங்களோ அதே மாதிரி திருத்தத்தையும் நிறைவேத்தணும். அதாவது அவர் கையெழுத்து, கூட ரெண்டு சாட்சி. அதுவும் பெரிய சடங்கெல்லாம் இல்ல. திருத்தத்துக்குப் பக்கத்துல மார்ஜின்லயே மூணு பேரும் போட்டா போதும். இல்லன்னா உயிலோட கடைசியில 'இன்ன எடத்துல இப்படி மாத்தியிருக்கேன்'னு ஒரு குறிப்பு எழுதி அதுக்குக் கீழே போடலாம். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், ரிஜிஸ்தர் ஆபீஸ் வேண்டாம். சாட்சிங்க உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிக்கக்கூட வேண்டாம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வரணும்னுகூட இல்ல, அவர் கையெழுத்துப் போடறதைப் பார்த்திருக்கணும், இல்ல இது என் கையெழுத்துதான்னு அவர் வாயால சொல்லக் கேட்டிருக்கணும், அவர் கண்ணு முன்னாடி தங்களோடதைப் போடணும். பெருசா மாத்தணும்னா கோடிசில்னு தனியா ஒரு துணை உயில் எழுதலாம், இல்ல புதுசாவே எழுதிடலாம், அதுக்கும் இதே ரெண்டு சாட்சிதான். போர்ல இருக்கற சிப்பாய், விமானப்படைக்காரர், கடல்ல இருக்கற மாலுமி, இவங்களுக்கு மட்டும் சாட்சி இல்லாம விதிவிலக்கு உண்டாம். "உங்க பெரியப்பா மிலிட்டரி இல்லையே?"ன்னு கேட்டாங்க. ஜோக்குதான், யாரும் சிரிக்கல.

"அப்போ இந்த 'ச்'சு?"ன்னு கேட்டேன். எதுக்குக் கேட்டேன்னு இன்னிக்கும் தெரியல.

"அதுவும் செல்லாது"ன்னாங்க.

அக்கா கேட்டது வேற. "கோடு போட்டுட்டாரே மேடம், அவன் பேரை அடிச்சிட்டாரே, என் பேரு சேரலன்னாலும் அவன் பேரு போயிடுச்சுல்ல?" அதுக்கு அவங்க ஒரு பழைய இங்கிலாந்து கேஸ் சொன்னாங்க, 1877, அதுல வாதியோ பிரதிவாதியோ பேரே சீஸாம். ஒருத்தர் தன் உயில்ல சில வரிகளைப் பேனாவால அடிச்சு, பின்பக்கம் எல்லாம் ரத்துன்னு எழுதி, குப்பைக் காகிதத்தோட தூக்கிப் போட்டுட்டார். வேலைக்காரம்மா அதை எடுத்து வச்சிருந்தாங்க. ஏழெட்டு வருஷம் கழிச்சு அவர் செத்தப்புறம் கோர்ட்டு என்ன சொல்லிச்சுன்னா, எண்ணம் மட்டும் எவ்வளவு இருந்தாலும் பத்தாது, அழிச்சிருக்கணும். உயில் செல்லும்! நம்ம சட்டத்துலயும் எரிச்சா, கிழிச்சா, வேற விதமா அழிச்சா, ரத்து பண்ற எண்ணத்தோட அதைச் செஞ்சா, உயில் போயிடும். கோடு போடறது அழிக்கறது ஆகாது, கோட்டுக்கு அடியில எழுத்து தெரியுதே.

இதுல ஒரு கொடுமை கவனிச்சீங்களா. அவர் இந்த மூணு பக்கத்தையும் கிழிச்சு அடுப்புல போட்டிருந்தா உயிலே இல்லன்னு ஆகி, மூணு பிள்ளைங்களுக்கும் சமபங்கு, அக்காவுக்கு வீட்டுல மூணுல ஒண்ணு வந்திருக்கும். அக்கறையா, ஸ்கேல் வச்ச மாதிரி, மார்ஜின்ல பேரெழுதி வச்சதால அவளுக்குப் பூஜ்யம்.

ஒயிட்னர் கதை தனி. எழுத்து படிக்கவே முடியாதபடி அழிஞ்சு போச்சுன்னா மட்டும் அந்த அழிப்புக்கு மதிப்பு உண்டு, அந்த வார்த்தையே இல்லாத மாதிரி. கெமிக்கல் போட்டு சுரண்டறதெல்லாம் வேண்டாம், வெளிச்சத்துல பிடிச்சோ பூதக்கண்ணாடி வச்சோ கண்ணால படிக்க முடியுதான்னுதான் இங்கிலாந்துல பார்ப்பாங்கன்னு சொல்லி, மேடமே எழுந்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சாங்க. ஒண்ணும் தெரியல. நான் வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். டைப்ரைட்டர்ல ஓங்கி அடிச்ச எழுத்து, பின்னாடி விரல்ல நெருடுச்சு. சாய்ச்சுப் பிடிச்சா மேடு மேடா, தலைகீழா இல்ல, இடவலமா மாறி. சின்ன வயசுல லீவுக்கு அச்சகத்துக்குப் போனா பெரியப்பா ஈய எழுத்தை உள்ளங்கையில வச்சு படிக்கச் சொல்வார். அச்சுக் கோக்கற எழுத்து எல்லாம் கண்ணாடி பிம்பம்தானே. ப எந்தப் பக்கம் பார்த்தாலும் ப, த மட்டும் குழப்பும்னு சொல்லிக் குடுத்திருக்கார். அஞ்சு நிமிஷம் ஆச்சு. 'என் தம்பி'ன்னு இருந்தது, அதுக்கப்புறம் எங்கப்பா பேரு.

எங்கப்பா 2008லயே போயிட்டார். உயிர் இல்லாதவருக்கு எழுதினது எப்படியும் விழுந்துடும், அதனால சட்டத்துக்கு ஒயிட்னர் இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான், செயின் மூணு பேருக்குப் பொதுவா போச்சு. ஆனா மத்த எல்லாத்தையும் ஒரு கோட்டுல அடிக்கிற மனுஷன் இந்த ஒரு பேரை மட்டும் ஏன் கோடு போடாம பூசி மறைச்சார்னு எனக்கு அன்னிக்கு பஸ்ஸுல வர்றப்போதான் புரிஞ்சுது. செத்த தம்பி பேரு மேல எப்படி கோடு போடறது.

இதெல்லாம் கேட்டு அக்கா கொஞ்சம் கொஞ்சமா அடங்கிட்டா. ஆனாலும் கேவியட் போட்டு எதிர்க்கலாமான்னு ஒரு தடவை கேட்டா. போடலாம், போட்டா ஓ.பி.ங்கற சாதாரண மனு டி.ஓ.எஸ்.ங்கற உயில் வழக்கா மாறிடும், சூட் மாதிரி சாட்சி விசாரணை அது இதுன்னு வருஷக்கணக்கா இழுக்கும், கடைசியில 71 அங்கேயேதான் நிக்கும்னாங்க மேடம்.

அடுத்த வாரம் எல்லாரும் சேர்ந்து போனோம், சம்மத அஃபிடவிட்ல கையெழுத்துப் போட. சின்னண்ணனும் கோயமுத்தூர்லேர்ந்து வந்திருந்தான். அன்னிக்குத்தான் அவன் முதல் தடவை உயிலைக் கையில வாங்கி நிதானமா பார்த்தான். பார்த்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் விரலை வச்சுக் காட்டினான். "இங்க பாருங்க, புள்ளி."

அவன் பேருக்குக் கீழே, கோட்டுக்கு அடியில, பென்சில்ல புள்ளிகள். ரொம்ப மங்கல். நாலோ அஞ்சோ. புரூஃப் பார்க்கற வீட்டுல வளர்ந்த யாருக்கும் அதுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்ல. தப்பா அடிச்சதைத் திரும்ப சேக்கணும்னா அடிச்ச வார்த்தைக்குக் கீழே புள்ளி வைக்கணும், ஓரத்துல ஸ்டெட்னு எழுதணும். அடிச்சது இருக்கட்டும்னு அர்த்தம். ஓரத்துல ஸ்டெட் இல்ல. புள்ளி மட்டும்தான். "அப்பா என் பேரைத் திரும்ப சேத்துட்டாரு"ன்னான், குரல் கம்மிடுச்சு. அக்கா பிடுங்கிப் பார்த்து, "இது அழுக்குடா, பேப்பர் பழசு"ன்னா. பெரியண்ணன் கண்ணாடியை ஏத்தி எறக்கிப் பார்த்துட்டு, புள்ளி மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்குன்னார். மேஜைக்கு இந்தப் பக்கம் நாலு பேரும் அந்தக் காகிதத்து மேல கவுந்துகிட்டு கத்த ஆரம்பிச்சிட்டோம்.

மேடம் அதை மெதுவா எங்க கையிலேர்ந்து உருவி ஃபைல்ல வச்சாங்க. "கோடும் செல்லாது, புள்ளியும் செல்லாது. டைப் அடிச்சது அடிச்சபடி நிக்கும். கையெழுத்துப் போடறீங்களா?"

போகி

அதுவரைக்கும் எனக்குச் சட்டம் மேல கோபம்தான் இருந்தது. செத்தவர் என்ன நெனச்சார்னு ஊருக்கே தெரியும், அவர் கையெழுத்து கண்ணு முன்னாடி இருக்கு, அதை விட்டுட்டு சாட்சி எங்கன்னு கேக்கறது என்ன நியாயம்னு. அந்தப் புள்ளிகளுக்கு அப்புறம் என்னால அப்படி நெறஞ்ச வாயோட திட்ட முடியல. எழுத்து யாருதுன்னு சொல்லும். எது கடைசின்னு சொல்லாது. பெரியப்பாவைப் பொறுத்தவரைக்கும் அந்த மூணு பக்கம் கேலி புரூஃப், அச்சுக்கு முன்னாடி திருத்தறதுக்குன்னு எடுக்கற தாள். இன்னும் மெஷினுக்குப் போகல, முதல் புரூஃப், ரெண்டாவது புரூஃப், திருத்திக்கிட்டே இருக்கலாம், கம்பாசிட்டர் பார்த்து எல்லாத்தையும் சேத்துடுவான். சட்டத்துக்கு 2003லயே அச்சடிச்சு கட்டு கட்டி அனுப்பியாச்சு. அதுக்கப்புறம் ஓரத்துல எழுதறது வாசகரோட கிறுக்கல்.

ஆனா நான் இதை எழுதாம தள்ளிப்போட்டதுக்குக் காரணம் இது இல்ல.

2014 போகி அன்னிக்கு சாயங்காலம் கரும்பும் மஞ்சக்கொத்தும் குடுக்க பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். தெருவுல காலைல எரிச்ச டயர் வாசனை இன்னும் போகல. வாசல்ல எதிர்வீட்டு சார், ஐசிஎஃப்ல இருந்து ரிட்டயர் ஆனவர், சேர் போட்டு உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தார். பெரியப்பா உள்ள தரையில உக்காந்து பழைய காகிதங்களைப் பிரிச்சு போட்டுக்கிட்டு இருந்தார், எரிக்க வேண்டியது ஒரு குவியல், வேண்டியது ஒரு குவியல். என்னைப் பார்த்ததும் வேண்டிய குவியல்லேர்ந்து நாலா மடிச்ச காகிதம் ஒண்ணை எடுத்தார். "பாப்பா, சாரையும் கூப்பிடு. ரெண்டு பேரும் இதுல ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க."

"என்ன பெரியப்பா இது?"

"உயில்தான். சின்னதா ஒரு திருத்தம். ரெண்டு பேர் வேணுமாம்."

ரெண்டு பேர் வேணுமாம். அவருக்குத் தெரிஞ்சிருந்தது! இத்தனை வருஷமும் குடும்பத்துல எல்லாரும், பாவம் அவருக்குச் சட்டம் தெரியலன்னு பேசறப்போ நான் வாயைத் திறந்ததில்ல. நான் அன்னிக்கு என்ன சொன்னேன்னா, "நாளும் கிழமையுமா இதென்ன பேச்சு பெரியப்பா, நீங்க நூறு வருஷம் இருப்பீங்க, பொங்கல் கழியட்டும் வரேன்." பையனுக்கு டியூஷன் விடற நேரம், ஸ்கூட்டி வெளியில கோணலா நிறுத்தியிருந்தேன். அவர் சரின்னு தலையாட்டி காகிதத்தைத் திரும்ப மடிச்சு வச்சார். முகம் ஒண்ணும் மாறல. கரும்பை வாங்கி மூலையில சாத்தினார். நான் வாசலுக்கு வந்து சார்கிட்ட பொங்கல் வாழ்த்து சொல்லிட்டு கிளம்பிட்டேன். பொங்கல் கழிஞ்சுது. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை போனேன், அவர் திரும்பக் கேக்கவும் இல்ல, நானா எடுக்கவும் இல்ல. ஒரு தடவை மறுத்தவங்ககிட்ட ரெண்டாவது தடவை எதையும் கேக்க மாட்டார், காபிகூட.

நான் மடிப்பைப் பிரிக்கவே இல்லங்கறதுதான் இப்போ என்னை அரிக்கிறது. அன்னிக்கு அந்தக் காகிதத்துல என்ன இருந்தது? கோடு மட்டுமா, கோட்டுக்குக் கீழே புள்ளியுமா? 2013 தீபாவளிக்கு சின்னண்ணன் வந்து கால்ல விழுந்துட்டுப் போனது எனக்குத் தெரியும், நானும் அங்கதான் இருந்தேன், பெரியப்பா அவன் தலையில கை வச்சதைப் பார்த்தேன். அதுக்கு ரெண்டரை மாசம் கழிச்சுதான் போகி. 'சின்னதா ஒரு திருத்தம்'னார். மாடியைப் பையன்கிட்டேர்ந்து எடுத்துப் பொண்ணுக்குக் குடுக்கறது சின்னத் திருத்தமா? எடுத்ததைத் திருப்பிக் குடுக்கறதா? ஒருவேளை மாடி விஷயமே இல்லாம, நாலு ஒற்றுக்கும் ஒரு கமாவுக்கும் முறையா சாட்சி வேணும்னு கேட்டாரோ, அவரால அதுவும் முடியும். நான் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இது எனக்குத் தெரிஞ்சிருக்காது, சாட்சி படிக்க வேண்டியதில்லையே. ஆனா கோர்ட்டுக்குத் தெரிஞ்சிருக்கும்.

அக்காகிட்ட இதை இன்னும் சொல்லல. ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். சொன்னா அவ பாதி மட்டும்தான் கேப்பா, நீ போட்டிருந்தா மாடி எனக்கு வந்திருக்கும்ங்கற பாதி. சின்னண்ணன் மத்த பாதியைக் கேப்பான்.

மிச்சக் கதை சீக்கிரம் சொல்லிடலாம். ஃபோர்மன் எப்பவோ போயிட்டார், பைண்டர் வியாசர்பாடில பேத்தி வீட்டுல இருந்தார், தேடிப் பிடிச்சோம். சாட்சில ஒருத்தராவது இருந்தா போதும்னு சட்டம், இல்லன்னா அதுவும் சிக்கலாகியிருக்கும். ஆட்டோவுல கூட்டிட்டு வந்தோம். "ஐயா கையெழுத்துப் போட்டப்போ டீ வாங்கிக் குடுத்தாரு, பக்கத்துல நின்னுதான் பார்த்தேன்"னு சொல்லிட்டு அஃபிடவிட்ல கை நடுங்க நடுங்கப் போட்டார். பேப்பர்ல விளம்பரம் வந்துச்சு, யாரும் எதிர்க்கல, 2018ல புரோபேட் கிடைச்சுது. மாடி சின்னண்ணனுக்கு. அவன் வரல, வாடகைக்கும் விடல. அக்கா இன்னும் மாடிலதான் இருக்கா. வாடகை கேக்கறதில்ல, ஈபி பில் அவனே கட்டறான், ஆனா எழுதியும் குடுக்கல. ஒரு தானப் பத்திரம் போட்டுடேண்டான்னு பெரியண்ணன் கேட்டதுக்கு, "அப்பா எனக்குத் திருப்பிக் குடுத்தது, அதை நான் எப்படி எழுதிக் குடுக்கறது"ன்னானாம். அக்கா அதுக்குப் பதில் சொல்லாம மாடிப் படியைக் கழுவ போயிட்டா.

அசல் உயில் ஹைகோர்ட்ல இருக்கு, நம்ம கைக்குத் திரும்ப வராது. எங்ககிட்ட இருக்கறது தம்புச்செட்டித் தெரு கீழ்க்கடைல எடுத்த ஜெராக்ஸ்தான். பத்திரிகையைத் திருத்தி முடிச்சதும் அதை எடுத்துப் பார்த்தேன். பால்பாயிண்ட் கோடு கன்னங்கரேல்னு விழுந்திருக்கு. பென்சில் விழல. இல்ல, விழுந்திருக்கோ என்னமோ, அந்தக் கடை மெஷின் கண்ணாடில தூசு போல, பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியா இருக்கு, அவன் பேருக்குக் கீழே மட்டும் இல்ல, என் அப்பா பேரு இருந்த வெள்ளை எடத்துல, சாட்சி கையெழுத்துக்கு மேல, எல்லா எடத்துலயும்.